காட்டன்தான், ஆனாலும் புழுங்குகிறதே? நெசவும் காற்றோட்டமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஈரோடு பக்கம் காடா (வெளுக்காத, சாயம் போடாத துணி) வாங்கி, சாயம் போட்டு, சட்டைத் துணியாக விற்பது என் தொழில். கடைக்கு வருகிறவர்களும் சொந்தக்காரர்களும் கேட்கிற கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுதான், ஆள்தான் வேறு. எழுதி வைத்துவிட்டால் வாய் வலி மிச்சம் என்று இதைத் தொடங்கினேன்.

லேபிளில் 100 சதவீதம் காட்டன் என்று இருக்கிறது. போட்டால் புழுங்குகிறது. ஏமாற்றிவிட்டார்களா?

அநேகமாக இல்லை. நார் என்ன என்பதை மட்டும்தான் லேபிள் சொல்கிறது. அந்த நாரை எவ்வளவு பருமனாக நூற்றார்கள், அங்குலத்துக்கு எத்தனை இழை வைத்து நெய்தார்கள் என்பதைச் சட்டை லேபிளில் யாரும் போடுவதில்லை. புழுக்கத்துக்குக் காரணம் பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது.

காயத்துக்குச் சுற்றுகிற பேண்டேஜ் துணியும் பருத்தி, ஜீன்ஸும் பருத்தி. ராஜபாளையத்துக்குப் பக்கத்தில் சத்திரப்பட்டியில் நெய்கிற பேண்டேஜ் துணியை முகத்துக்கு நேரே பிடித்தால் எதிரில் நிற்பவர் தெரிவார். ஜீன்ஸைப் பிடித்தால் வெளிச்சம்கூட வராது. நாம் உடுத்துகிற மற்ற எல்லாமே இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கோ இருக்கின்றன. காற்று நாரைத் துளைத்துக்கொண்டு வருவதில்லை. இழைக்கும் இழைக்கும் நடுவிலுள்ள சந்து வழியாகத்தான் முக்கால்வாசியும் வருகிறது. சந்து இல்லாவிட்டால் பருத்தியும் தார்ப்பாய்தான்.

நூல் நம்பர், ரீட், பிக் என்கிறார்களே, அது என்ன?

நீளவாக்கில் ஓடுவது பாவு, குறுக்கே போவது ஊடை. ஓர் அங்குலத்தில் எத்தனை பாவு இழை என்பது ரீட், எத்தனை ஊடை இழை என்பது பிக். தறியில் பாவு இழைகளை இடைவெளிவிட்டுப் பிரித்து வைக்கிற அச்சுக்குத்தான் ரீட் என்று பெயர். பேச்சில் அதுவே கணக்காகிவிட்டது. சந்தையில் '60-க்கு 60, 92-க்கு 88' என்றால், பாவும் ஊடையும் 60-ஆம் நம்பர் நூல், அங்குலத்துக்குப் பாவு 92, ஊடை 88 என்று அர்த்தம்.

நூல் நம்பரில் ஒரு சின்னக் குழப்பம் உண்டு. நம்பர் ஏற ஏற நூல் மெலியும். 840 கஜ நீளமுள்ள சிட்டங்கள் (நூல் கண்டுகள்) எத்தனை சேர்ந்தால் ஒரு பவுண்ட் எடை வரும் என்பதுதான் நம்பர். 40 சிட்டம் வந்தால் 40-ஆம் நம்பர். 100 சிட்டம் தேவைப்பட்டால் அது அவ்வளவு மெல்லிய நூல்.

இதை வைத்துத் துணியில் எவ்வளவு இடம் திறந்திருக்கிறது என்று வீட்டிலேயே கணக்குப் போடலாம். மான்செஸ்டரில் இருந்த ஷெர்லி இன்ஸ்டிட்யூட் என்ற பருத்தி ஆராய்ச்சி நிலையத்தில் வேலை பார்த்த எஃப். டி. பியர்ஸ் 1937-இல் துணியின் வடிவக் கணக்கை வெளியிட்டார். இன்றும் பாடத்தில் இருப்பது அவருடைய வழிதான். நம்பரின் வர்க்கமூலத்தை 28-ஆல் பெருக்குங்கள். ஓர் அங்குலத்தில் இடைவெளியே இல்லாமல் அடுக்கினால் எத்தனை இழை கொள்ளும் என்பது கிடைத்துவிடும்.

60-ஆம் நம்பருக்கு அது சுமார் 217. நாம் வைத்திருப்பது 92 பாவு, அதாவது 42 சதவீத அகலத்தைப் பாவு மூடுகிறது, 58 திறந்திருக்கிறது. ஊடை 88 என்றால் 59 திறந்திருக்கிறது. இரண்டையும் பெருக்கினால் துணியின் பரப்பில் 34 சதவீதம் சந்து. இதே 92-க்கு 88-ஐ 40-ஆம் நம்பர் நூலில் நெய்தால் சந்து 24 சதவீதமாகக் குறையும். 100-ஆம் நம்பரில் நெய்தால் 46-க்குப் போய்விடும். பஞ்சு அதேதான், ரீட் பிக்கும் அதேதான். நூலின் பருமன் மட்டும் மாறியதில் சந்து ஏறக்குறைய இரட்டிப்பாகிவிட்டது.

நிஜத் துணியில் இவ்வளவு வராது. நூல் உருண்டையாக நிற்காமல் தட்டையாகும், மேலே பிசிறு இருக்கும், எல்லாம் சந்தை அடைக்கும். ஆனால் இரண்டு துணியை ஒப்பிட்டுப் பார்க்க இந்தக் கணக்கு போதும்.

சந்தின் மொத்த அளவு ஒன்றாக இருந்தால் காற்றும் ஒரே அளவு வருமா?

வராது. ஒரு பெரிய ஓட்டைக்குப் பதிலாக, பாதி விட்டமுள்ள நான்கு சின்ன ஓட்டைகள் போட்டால் மொத்தப் பரப்பு அதேதான். ஆனால் ஓட்டை சிறுக்கச் சிறுக்கக் காற்று ஓரங்களில் உரசி நிற்கும். நுண்ணிய துளைகளில் இந்த உரசலால் காற்றோட்டம் கால்வாசியாகக்கூடக் குறைந்துவிடலாம். மெல்லிய நூலை நெருக்கமாக அடித்து நெய்த துணி, கையில் மெத்தென்று இருந்தும் காற்று விடாமல் இருப்பது இதனால்தான். விலை கூடிய சட்டைத் துணிகள் பலவற்றில் இதை நானே பார்த்திருக்கிறேன்.

சாதா நெசவு, ட்வில், சாட்டின். எது குளுமை?

இதற்கு இரண்டு பதில் உண்டு, இரண்டும் உண்மை.

ஒரே நூல், ஒரே ரீட் பிக் வைத்து மூன்றையும் நெய்தால், சாட்டின்தான் அதிகம் காற்று விடும், சாதா நெசவு குறைவாக விடும். சாதா நெசவில் ஒவ்வோர் இழையும் ஒன்றன் மேல், ஒன்றன் கீழ் என்று மாறி மாறிப் போவதால் இழைகள் ஒன்றையொன்று பிடித்து நிற்கும், அசையாது. ட்வில்லில் இரண்டு மூன்று இழைகளைத் தாண்டியும், சாட்டினில் நான்கைத் தாண்டியும் இழை மிதந்து போகும். மிதக்கிற இழைகள் ஒதுங்கிக் கும்பலாகச் சேர்ந்து வழிவிடும்.

ஆனால் கடைக்கு வருகிற துணியில் கதை தலைகீழ். பிடிப்பு குறைந்த சாட்டினை அதே ரீட் பிக்கில் நெய்தால் துணி நழுவும், இழை இழுத்துக்கொண்டு வரும். அதனால் இழைகளை இன்னும் நெருக்கித்தான் நெய்வார்கள். 300 கவுண்ட் (அங்குலத்துக்குப் பாவும் ஊடையும் கூட்டினால் ஏறக்குறைய 300 இழை) என்று விற்கிற சாட்டின் பெட்ஷீட்டில் 60-ஆம் நம்பர் நூல் அங்குலத்துக்குப் பாவு 173, ஊடை 120 என்று இருக்கும். மேலே சொன்ன கணக்கைப் போட்டால் சந்து வெறும் 9 சதவீதம். ஜீன்ஸ் ட்வில்லும் அப்படித்தான், 7 முதல் 10-ஆம் நம்பர் வரையுள்ள தடி நூலை நெருக்கி அடித்தது.

பாப்ளின் சாதா நெசவுதான், ஆனால் பாவு ஊடையைப் போல ஏறக்குறைய இருமடங்கு. 40-ஆம் நம்பரில் 133-க்கு 72 என்றால் சந்து 15 சதவீதம். உள்பாவாடைக்குப் பாப்ளின் எடுப்பது ஒளி ஊடுருவாமல் இருக்கத்தானே, அதே காரணத்தால் காற்றும் குறைகிறது. மே மாதத்தில் அதற்கு மேல் ஆறு கஜம் சுற்றுகிற பெண்களிடம் நான் ஒன்றும் சொல்வதற்கில்லை.

சாட்டின் தொட்டால் சில்லென்று இருக்கிறதே?

தொட்ட கணத்தில் இருக்கும். மழமழப்பான பரப்பு தோலில் நிறைய இடத்தில் படுவதால் உடம்புச் சூட்டைச் சட்டென்று வாங்கிக்கொள்கிறது. சொரசொரப்பான துணி சில முனைகளில் மட்டும் படும், நடுவில் காற்று நிற்கும், அதனால் அந்தச் சில்லிப்பு தெரியாது. பத்து நிமிடம் படுத்த பிறகு ஜெயிப்பது எது என்பது வேறு கேள்வி. கடையில் தடவிப் பார்த்துப் பெட்ஷீட் வாங்குகிறவர்கள் முதல் கணத்தை மட்டும் வாங்கிக்கொண்டு போகிறார்கள்.

1000 த்ரெட் கவுண்ட் பெட்ஷீட் வாங்கலாமா?

நம் ஊர் வெயிலுக்கு வேண்டாம். த்ரெட் கவுண்ட் என்பது பாவையும் ஊடையையும் கூட்டிச் சொல்வது. ஓர் அங்குலத்தில் நேர்மையாக அடைக்கக்கூடிய இழைக்கு ஓர் எல்லை இருக்கிறது. அதைத் தாண்டிய எண் பெரும்பாலும், இரண்டு மூன்று புரி சேர்த்து முறுக்கிய நூலை ஒவ்வொரு புரியாகப் பிரித்து எண்ணியதால் வருவது. இப்படி எண்ணுவது வாங்குபவர்களைத் தவறாக வழிநடத்தலாம் என்று அமெரிக்காவின் மத்திய வர்த்தக ஆணைய அலுவலர்கள் 2005-இலேயே எழுதியிருக்கிறார்கள். சாதா நெசவில் 180, 200 கவுண்ட் பருத்தி விரிப்பு ஃபேன் காற்றை நன்றாகவே விடும்.

காற்று போவதும் வியர்வை போவதும் ஒன்றுதானா?

இல்லை, இதைத்தான் பலர் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். துணி வழியாகப் போகிறவை மூன்று: காற்று, ஆவி, தண்ணீர்.

காற்று போவதற்கு அழுத்த வேறுபாடு வேண்டும். வெளியில் காற்று வீசவேண்டும், அல்லது ஃபேன் ஓடவேண்டும், அல்லது நாம் நடக்கவேண்டும். ஆவிக்கு அது தேவையில்லை. தோலுக்குப் பக்கத்தில் ஈரம் அதிகம், வெளியே குறைவு என்றால் தானாகவே வெளியேறும். இந்த ஆவிக்கு நெசவை விடத் துணியின் தடிமனும், துணிக்கும் தோலுக்கும் நடுவில் தேங்கிய காற்றும்தான் பெரிய தடை. அதனால் ஓரளவு மெல்லிய பருத்தித் துணிகளுக்குள் ஆவி விஷயத்தில் பெரிய வித்தியாசம் தெரியாது. காற்று விஷயத்திலோ ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் பல மடங்கு வித்தியாசம் வரும். கரண்ட் போன அறையில் எந்தச் சட்டையும் புழுங்கத்தான் செய்யும். ஃபேன் ஓடத் தொடங்கியதும்தான் நல்ல நெசவு எது என்று தெரியும்.

மூன்றாவதான தண்ணீர், அதாவது திரண்டுவிட்ட வியர்வை, சந்து வழியாகப் போவதில்லை. நூலுக்குள் நாருக்கும் நாருக்கும் நடுவிலுள்ள மயிரிழைச் சந்துகளில் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல ஏறிப் பரவுகிறது. பரவினால்தான் காயும். ஒரு கிராம் வியர்வை ஆவியாக ஏறக்குறைய 2.4 கிலோஜூல் வெப்பம் வேண்டும், அதை உடம்பிலிருந்து எடுத்துக்கொண்டால்தான் குளிரும். சொட்டி விழுந்த வியர்வையால் ஒரு பயனும் இல்லை. சென்னையில் கடுப்பாவது இதனால்தான், காற்றிலேயே ஈரம் நிறைந்திருந்தால் ஆவி எங்கே போகும்?

பாலியெஸ்டர் கெட்டது, பருத்தி நல்லது என்று எடுத்துக்கொள்ளலாமா?

பாதி சரி. சோதனைக்கென்று வகுத்த திட்டமான சூழலில் பருத்தி தன் எடையில் சுமார் 8.5 சதவீதம் ஈரத்தை நாருக்குள்ளேயே வைத்துக்கொள்ளும், பாலியெஸ்டர் 0.4 சதவீதம்தான். லேசாக வியர்க்கும்போது பருத்தி அதை வாங்கி மறைத்துவிடும், நமக்குத் தெரியாது. கொட்டுகிற அளவு வியர்த்தால் அதே குணம் எதிரியாகிவிடும். நார் ஊறி வீங்கி, நூல் பருத்து, சந்து அடைபட்டுவிடும். நனைந்த பருத்திச் சட்டை காற்றை விடாது, காயவும் நேரமாகும். ஓடுகிறவர்கள் பாலியெஸ்டர் போடுவதில் அர்த்தம் இருக்கிறது. ஆபீசில் உட்கார்ந்திருப்பவருக்கு அது தேவையில்லை.

வியர்த்ததும் முதுகில் ஒட்டிக்கொள்ளாத துணி உண்டா?

மழமழப்பான துணிதான் அதிகம் ஒட்டும். மேடு பள்ளமுள்ள நெசவு ஒட்டாது. சீர்சக்கர் என்று ஒரு துணி, பாரசீகத்தில் 'பாலும் சர்க்கரையும்' என்று பொருள்படும் பெயரிலிருந்து வந்தது. பால்போல வழவழப்பான பட்டையும் சர்க்கரைபோல முரடான பட்டையும் மாறி மாறி வரும். தறியில் ஒரு வரிசைப் பாவை இறுக்கமாகவும் அடுத்ததைத் தளர்வாகவும் விடுவார்கள். தளர்ந்த இழைகள் துணியில் சுருங்கிப் புடைத்துக்கொள்ளும், அந்தப் புடைப்பு துணியைத் தோலிலிருந்து தள்ளியே வைக்கும். இஸ்திரியும் வேண்டாம். நம் ஊரில் இதை ஏன் அதிகம் விற்பதில்லை என்பது எனக்கு இன்றும் வியப்பு. சுருங்கிய துணி என்று திருப்பிக் கொடுத்துவிடுவார்களோ என்ற பயமாக இருக்கலாம்.

வாயில் (voile) சேலை மெல்லிசாக இருந்தும் மொடமொடவென்று இருப்பது எப்படி?

முறுக்கு. நூலை இறுக்கி முறுக்கினால் அது மெலிந்து, பிசிறு அடங்கி, வட்டமாக நிற்கும், நடுவில் சந்து தெளிவாகத் திறக்கும். முறுக்குக் குறைந்த நூல் பூத்து விரிந்து சந்தை மூடிவிடும். அதற்கும் தேவை இருக்கிறது, துண்டுக்கு அதுதான் வேண்டும்.

தேங்காய்ப்பூ துண்டா, சாதாத் துண்டா?

தேங்காய்ப்பூ துண்டில் அடித்துணிக்கு ஒரு பாவு, வளையத்துக்கு ஒரு பாவு என்று இரண்டு. வளையப் பாவைத் தளர்த்தி விட்டு மூன்று ஊடைக்கு ஒரு முறை சேர்த்து அடித்தால் அந்த வளையங்கள் எழும். முறுக்குக் குறைந்த வளையம் தண்ணீரை நிறையக் குடிக்கும், குடித்ததைச் சீக்கிரம் விடாது. ஐப்பசி மழையில் துண்டு ஈரநாற்றம் அடிக்காமல் இருக்கவேண்டுமென்றால் மெல்லிய சாதாத் துண்டு, அல்லது கட்டம் கட்டமாகக் குழிந்த தேன்கூடு நெசவுத் துண்டு. என் வீட்டில் பின்னதுதான்.

கஞ்சி போட்டால் காற்று குறையுமா?

குறையும். கஞ்சி பிசிறையும் சந்தையும் ஒட்டிவிடுகிறது. ஆனால் கஞ்சி போட்ட காட்டன் சேலைதான் வெயிலுக்குச் சுகம் என்று என் அம்மா சொல்வதும் பொய்யில்லை. விறைத்த துணி உடம்பில் படியாமல் கூடாரம்போல நிற்கும், அடியில் காற்று ஓடும். உடை எப்படி நிற்கிறது என்பது நெசவுக்குச் சமமான விஷயம். பாலைவனத்தில் பெடூயின் என்ற அரபு நாடோடிகள் ஏன் கறுப்பு அங்கி போடுகிறார்கள் என்று நெகேவ் பாலைவனத்தில் அளந்து பார்த்த ஓர் ஆய்வு 1980-இல் வெளிவந்தது. கறுப்பு அங்கி வெள்ளையைவிட அதிகம் சூடானாலும், தளர்வான அங்கிக்குள் ஓடிய காற்று அந்தச் சூட்டைத் தோலுக்கு வருமுன்பே கொண்டுபோய்விட்டது. உடம்பை ஒட்டித் தைத்த சட்டைக்கு எத்தனை நல்ல துணி எடுத்தும் பாதிப் பலன்தான்.

விலை குறைவாகக் கிடைக்கிற மெல்லிய துணியும் காற்று விடத்தானே செய்யும்?

விடும், சில நாள். பிக்கைக் குறைத்தால் ஊடை நூல் மிச்சம், தறி வேகமாகத் துணி இறக்கும், விலை இறங்கும். ஒரு முறை 88 பிக் என்று பேசி வாங்கிய காடாவை அவசரத்தில் எண்ணிப் பார்க்காமல் சாயத்துக்கு அனுப்பிவிட்டேன். தைத்தவர்கள் போன் செய்தார்கள், அக்குளில் தையல் நிற்க இழைகள் மட்டும் விலகிக்கொண்டு வருகின்றன என்று. எண்ணினால் 76. காற்றோட்டம் பிரமாதம்தான். அந்த லாட்டைக் கைக்குட்டைக்குத் தள்ளிவிட்டேன்.

கைத்தறி உண்மையிலேயே அதிகக் குளுமையா?

அதே நூல், அதே ரீட் பிக் என்றால் வித்தியாசம் சிறிதுதான். கைத்தறியில் பாவின் இழுவிசை குறைவு, அடி ஒவ்வொரு முறையும் கொஞ்சம் மாறும், அதனால் நூல் அமுங்காமல் இருக்கும், துணி இளகிக் கிடக்கும். துவைக்கத் துவைக்க நன்றாவது இதனால்தான். ஆனால் 20-ஆம் நம்பர் கைத்தறியைவிட 80-ஆம் நம்பர் விசைத்தறி குளுமையாகத்தான் இருக்கும், தறியை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள்.

மெல்லிய துணி வெயிலைத் தடுக்குமா?

காற்று வருகிற சந்து வழியாக வெயிலும் வரும். 34 சதவீதம் சந்து என்றால், நூல் ஒரு துளி வெயிலைக்கூட விடவில்லை என்று வைத்துக்கொண்டாலும் மூன்றில் ஒரு பங்கு புற ஊதாக்கதிர் உள்ளே வந்துவிடும். துணியின் பாதுகாப்பு எண் 50 (ஐம்பதில் ஒரு பங்கு கதிர்தான் உள்ளே வரும்) வேண்டுமென்றால் சந்து 2 சதவீதத்துக்குள் இருக்கவேண்டும். இரண்டும் ஒன்றாகக் கிடைக்காது. அடர்ந்த சாயம் கொஞ்சம் உதவும். வயலிலோ கட்டட வேலையிலோ நாள் முழுக்க நிற்பவருக்கு நான் அடர்த்தியான, தளர்வாகத் தைத்த முழுக்கைச் சட்டையைத்தான் சொல்வேன்.

காற்றோட்டத்தை ஆய்வகத்தில் எப்படி அளக்கிறார்கள்?

ஐ.எஸ்.ஓ. 9237 என்ற சர்வதேசத் தர முறைப்படி 20 சதுர செ.மீ. துணியை இறுக்கிப் பிடித்து, உடைத் துணி என்றால் 100 பாஸ்கல் அழுத்த வேறுபாடு கொடுத்து, எவ்வளவு காற்று போகிறது என்று பார்ப்பார்கள். 100 பாஸ்கல் என்பது மணிக்கு ஏறக்குறைய 45 கிலோமீட்டர் வேகக் காற்று நேரே வந்து மோதுகிற அழுத்தம், பைக்கில் போகிற மாதிரி. ஆவிக்கு ஐ.எஸ்.ஓ. 11092 என்று தனி முறை. 35 டிகிரியில் வியர்க்கிற தோலைப் போல ஒரு தகட்டை ஈரமாக வைத்து, மேலே துணியைப் போர்த்தி, சூட்டைத் தக்கவைக்க எவ்வளவு மின்சாரம் தேவைப்படுகிறது என்று அளப்பது.

மழையில் நனையாத பருத்தித் துணி சாத்தியமா?

சாத்தியம், அதுவும் பூச்சே இல்லாமல். இரண்டாம் உலகப்போரில் கடலில் விழுகிற பிரிட்டிஷ் விமானிகளுக்காக, பியர்ஸ் இருந்த அதே ஷெர்லி இன்ஸ்டிட்யூட்டில் வென்டைல் என்ற துணியைச் செய்தார்கள். நீள நார்ப் பருத்தியை மிக நெருக்கமாக நெய்தது. காய்ந்திருக்கும்போது ஆவியை விடும், தண்ணீர் பட்டதும் நூல் வீங்கிச் சந்தை மூடிக்கொள்ளும். நனைந்த சட்டை காற்றை விடாது என்று மேலே குறை சொன்னேனே, அதே குணத்தை வேலைக்கு வைத்துக்கொண்டார்கள்.

சரி, கடையில் நின்று எப்படிப் பார்ப்பது?

ஓர் அங்குலச் சட்டம் வைத்த மடக்குப் பூதக்கண்ணாடி கிடைக்கும், அதில் இழையை எண்ணலாம். அது இல்லாவிட்டால் துணியை விளக்குக்கு நேரே பிடியுங்கள். ஒளிப்புள்ளிகள் சீராகத் தெரிந்தால் நல்லது, திட்டுத்திட்டாகத் தெரிந்தால் நெசவு ஒழுங்கில்லை. இரண்டு கட்டைவிரலாலும் எதிரெதிரே இழுத்துப் பாருங்கள், இழை விலகி அப்படியே நின்றால் தையலும் நிற்காது. அப்புறம் ஒற்றை மடிப்பாகத் துணியை வாயருகே வைத்து, மறுபக்கம் புறங்கையை வைத்து ஊதுங்கள். கையில் காற்று பட்டால் ஃபேன் காற்றும் உங்கள் முதுகில் படும். புதுத்துணியில் கஞ்சி இருக்கும், ஒரு துவைப்புக்குப் பிறகு இன்னும் கொஞ்சம் திறக்கும் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். கடைக்காரர் ஒரு மாதிரி பார்ப்பார், எச்சில் படாமல் ஊதினால் ஒன்றும் சொல்லமாட்டார்.